சின்ன லேத்துல (கடைசல் மெஷின்) பார்ட்டிங் (ராட வெட்டித் துண்டாக்குறது) பண்ணா பயங்கரமா அதிருது

7x14 இஞ்ச் மினி லேத், நாலு வருஷமா வச்சிருக்கேன். டர்னிங் (சுத்தி சீவுறது), ஃபேசிங் (முனைய சமமா சீவுறது) எல்லாம் ஓகே, ஆனா 20 மிமீ ஸ்டீல் ராடுல பார்ட்டிங் டூல் உள்ள போனாலே கடகடன்னு அதிருது, ரெண்டு பிளேடு உடைஞ்சிருச்சு. மெஷினையே மாத்தணுமா?

பதில் 1:
மாத்தாதீங்க. கிப் (ஸ்லைடு ஆடாம பிடிக்கிற பட்டை) ஸ்க்ரூ எல்லாம் லூஸ் இல்லாம அட்ஜஸ்ட் பண்ணி, கேரேஜ (டூல தாங்கிட்டு நகர்ற பகுதி) லாக் பண்ணி, பிளேடு நுனிய சரியா சென்டர் ஹைட்ல (ராடோட நடு உயரத்துல) வச்சு, சக்குக்கு (ராட பிடிச்சு சுத்துற பகுதி) ஒட்டியே வெட்டுங்க. ஸ்பீட குறைங்க, ஆனா ஃபீட (டூல உள்ள தள்றத) நிறுத்தாதீங்க, பயந்து பயந்து குடுத்தா டூல் வெட்டாம தேய்க்கும், அப்பதான் அதிர்வே ஆரம்பிக்கும். கட்டிங் ஆயிலும் விடுங்க.

பதில் 2:
என் பழைய மைஃபோர்டு எம்எல்7 லேத்துலயும் இதே தொல்லைதான். பின்பக்கம் டூல் போஸ்ட் (டூல் பிடிக்கிற தாங்கி) வச்சு பிளேட தலைகீழா மாட்டினேன், அதுக்கப்புறம் ஒண்ணுகூட உடையல.

கேட்டவர்:
கிப் நல்லாவே லூஸ்! டைட் பண்ணதும் பாதி அதிர்வு போச்சு, ரொம்ப நன்றிங்க.