அப்டேட்: 'கொலிமேட்' வார்த்தையோட வேர் கிடைச்சிடுச்சு

டெலஸ்கோப் கண்ணாடிய நேரா அலைன் பண்றதுக்கு இங்கிலீஷ்ல கொலிமேட்னு ஒரு வார்த்தை இருக்கே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதுக்கு பதில் கிடைச்சிடுச்சு. 'லிமிட்'ங்கிற வார்த்தையோட சொந்தமா இருக்கும்னு சிலர் சொன்னீங்க, அது இல்ல.

லத்தீன்ல 'கொல்லினேயாரே'ன்னு ஒரு வினைச்சொல், நேர்கோட்டுல குறி வைக்கிறதுன்னு அர்த்தம், லைன்ங்கிற வார்த்தைக்கும் இதே வேர்தான். பழங்கால ரோம எழுத்தாளர் சிசரோ இத பயன்படுத்தியிருக்கார், ஆனா அவரோட நூல்கள் சில பதிப்புகள்ல வந்தப்போ இது தப்பா 'கொல்லிமாரே'ன்னு ஆயிடுச்சு. பழைய கையெழுத்துப் பிரதிகள்ல ஐ, என், எம் எல்லாமே சின்னச் சின்ன செங்குத்துக் கோடுதான், வரிசையா வந்தா எந்த எழுத்து எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம், இந்த மாதிரி குழப்பத்துல உருமாறின சொற்கள் நிறையவே இருக்கு.

வானியலாளர் கெப்ளர் 1604ல ஒளியியல் பத்தி லத்தீன்ல எழுதின புத்தகத்துல அந்த தப்பான வடிவத்தையே எடுத்துக்கிட்டார், வானியல் ஆளுங்க வழியா அது இங்கிலீஷுக்குள்ள வந்து நிலைச்சிடுச்சு. இன்னிக்கு லேசர், எக்ஸ்ரே வரைக்கும் கதிர்கள இணையா ஆக்குறதுக்கு இதுதான் பேர். ஒரு வாசிப்புப் பிழை இவ்ளோ தூரம் வந்தது எனக்கு நிஜமாவே பிரமிப்பா இருக்கு.

லத்தீன் அகராதிய முதல்ல பாருன்னு வழிகாட்டினவங்களுக்கு ரொம்ப நன்றி.