குடைக்கு எந்த நிறம்? சாம்பிள் பார்த்ததும் குழப்பம்தான் கூடியிருக்கிறது

ஒற்றைக்குடை:
வணக்கம். எங்கள் நிறுவனத்தின் பெயர் போட்ட குடைகளை வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதாக முடிவாகி, அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். லோகோவில் சிவப்பு, அடர்நீலம், மஞ்சள் என மூன்று நிறம். குடையில் எட்டு பேனல். மூன்று நிறத்தையும் மாறி மாறிப் போடச் சொல்லியிருந்தேன். சாம்பிள் வந்தது. மூன்று சிக்கல்.

ஒன்று, ஓரிடத்தில் மஞ்சளைக் காணோம். சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு, நீலம் என்று ஓடுகிறது. இரண்டு, கணினியில் உள்ள அதே சிவப்பின் எண்ணைத்தான் கொடுத்தேன், வந்திருப்பது வேறு சிவப்பு. மூன்றாவதுதான் வேடிக்கை. சிவப்புப் பேனலில் வெள்ளையாக அச்சடித்த லோகோ, ஒரு வாரத்தில் ரோஸ் நிறமாகிவிட்டது. நீலப் பேனலில் அப்படி ஆகவில்லை. என்ன செய்யலாம்?

கூட்டல்கழித்தல்:
முதல் சிக்கலுக்கு அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. எட்டு மூன்றால் வகுபடாது. சிவப்பு மூன்று, நீலம் மூன்று, மஞ்சள் இரண்டு என்றுதான் வரும். மூன்று நிறமும் வேண்டுமென்றால் ஆறு பேனல் குடை கேளுங்கள். எட்டுதான் என்றால் இரண்டு நிறம், நாலுக்கு நாலு.

சாயப்பட்டறை:
நீங்கள் கொடுத்தது திரைக்கான எண். திரையில் தெரிவது ஒளி, துணியில் இருப்பது சாயம். பளபளப்பான திரைச் சிவப்புகள் சிலவற்றைச் சாயத்தில் கொண்டுவரவே முடியாது. பான்டோன் எண் (நிறங்களுக்கென்று உள்ள பொதுவான அட்டவணை எண்) கொடுத்தாலும் அதில் வகை உண்டு: C என்று முடிவது பளபளப்புத் தாளில் மை எப்படித் தெரியும் என்பதற்கு, TCX என்று முடிவது சாயமேற்றிய பருத்தித் துணிக்கு. குடைத்துணி பெரும்பாலும் பாலியெஸ்டர், கொஞ்சம் மினுமினுக்கும். அதனால் TCX எண்கூட நெருங்கி வருமே தவிர அச்சு அசலாக இருக்காது.

இன்னொன்று. ஆர்டர் சிறியதென்றால் உங்களுக்காக யாரும் தனியாகச் சாயம் போட மாட்டார்கள். கையிருப்பில் உள்ள துணிகளில் நெருங்கியதைத்தான் வெட்டுவார்கள். அந்தத் துணித்துண்டுகளை வாங்கிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆர்டர் பெரியதென்றால் ‘லேப் டிப்’ கேளுங்கள், அதாவது மாதிரிக்குச் சாயமேற்றிய சின்னத் துண்டு.

சாம்பிளை எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

ஒற்றைக்குடை:
அலுவலகத்தில் டியூப்லைட்டில். அங்கே ஓரளவு பொருந்தியது. வெளியே கொண்டுபோனதும் ஆரஞ்சு அடிக்கிறது.

சாயப்பட்டறை:
அப்படியென்றால் விஷயம் அதுதான். இரண்டு பொருள்களில் வேறு வேறு சாயம் இருந்தால், ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்துவிட்டு இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். மெட்டாமெரிசம் என்பார்கள். குடை விரிவது வெளியில்தானே, பகல் வெளிச்சத்தில் பொருந்தினால் போதும். அப்புறம், துணியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தும் பாருங்கள். நனைந்த துணி ஒரு படி இருண்டு தெரியும். உங்கள் நீலம் ஏற்கெனவே அடர்நீலம், நனைந்தால் கறுப்பு என்றே நினைப்பார்கள்.

ஸ்கிரீன்காரன்:
ரோஸ் லோகோவுக்கு நான் பதில் சொல்கிறேன், இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன். பாலியெஸ்டருக்குப் போடும் சாயம் சூடு பட்டால் துணியை விட்டுக் கிளம்பி மேலே இருக்கும் மைக்குள் ஏறிவிடும். அச்சை உலர்த்தும் சூடு போதும். வெக்கையான அறையில் அடுக்கி வைத்தாலும் ஆகும். சிவப்பும் மெரூனும் இதில் பெயர்போனவை. சாயத்தைத் தடுக்கும் சாம்பல் அடிப்பூச்சு ஒன்று போட்டு அதன்மேல் வெள்ளை அடிக்கலாம், குறைந்த சூட்டில் உலரும் மை கேட்கலாம். எதையும் அச்சடித்த மறுநாளே பார்த்து ஓகே சொல்லாதீர்கள். சில நாள் விட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், சிவப்பில் லோகோவே வேண்டாம். நீலத்தில் வெள்ளை, முடிந்தது வேலை.

மஞ்சள்பிரியன்:
ஏன், முழுக் குடையும் மஞ்சளாகப் போட்டு நீல லோகோ வைக்கலாமே? மழை மூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரியும்.

கோடும்வண்ணமும்:
தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிர்நிறத் துணி வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கும். வெயிலுக்குப் பிடிக்கும்போது மஞ்சள் குடைக்கு அடியில் நிற்பவர் முகமும் மஞ்சளாகிவிடும், காமாலை வந்தவர் மாதிரி. இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக யாரும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போக மாட்டார்கள். மடிப்பில் படியும் அழுக்கும் அதில் சீக்கிரம் தெரியும்.

லோகோவின் எல்லா நிறத்தையும் குடைமேல் கொட்ட வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். நிறுவனம் நினைவுக்கு வர ஒரு நிறம் போதும். அடர்நீலக் குடை, வெள்ளை லோகோ, விளிம்பில் மெல்லிய மஞ்சள் பட்டை. சிவப்பு வேண்டியே வேண்டுமென்றால் கைப்பிடியிலோ உறையிலோ வரட்டும். நீலத்தின்மேல் நேராகச் சிவப்பு மட்டும் அச்சடித்துவிடாதீர்கள், இரண்டும் அடர்ந்த நிறம், பத்தடி தள்ளி நின்றால் எழுத்தே தெரியாது.

ஒற்றைக்குடை:
மேலிடத்தில் பேசினேன். ‘சிவப்புதான் நம் அடையாளம்’ என்று ஒருவர் அரை மணி நேரம் வாதாடினார். ரோஸ் லோகோவை எடுத்துக் காட்டினேன், அடங்கிவிட்டார். நீலம், வெள்ளை, மஞ்சள் விளிம்பு, சிவப்பு உறை என்று முடிவு. நீலத்தில் நனைந்தாலும் நீலமாகத் தெரிகிற ஷேடு ஒன்று கிடைத்தது, லோகோவில் உள்ள நீலத்தை விட ஒரு படி வெளிர். கோப்பு அனுப்பியாகிவிட்டது.

ஸ்கிரீன்காரன்:
நல்லது. பேனலில் லோகோவின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது? குடையின் உச்சியைப் பார்த்து இருக்க வேண்டும், விளிம்பைப் பார்த்து அல்ல. எதிரில் வருபவர்தானே படிக்கப் போகிறார்.

ஒற்றைக்குடை:
கோப்பைத் திறந்து பார்த்தேன். தலைகீழாகத்தான் வைத்திருக்கிறேன். அச்சகத்துக்கு இப்போதே ஃபோன் போடுகிறேன்.