நரம்புக்கலம் உருவாவதைத் தமிழில் விளக்கும் படங்கள் தேவை

வணக்கம் சேர்மாரே, டீச்சர்மாரே. அட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். "எல்லாக் கலத்திலயும் ஒரே பரம்பரையலகு (ஜீன்) தானே டீச்சர், பிறகு ஏன் ஒன்று மட்டும் நரம்புக்கலமாகுது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள். கொப்பி முழுக்கக் கலங்களாகவே வரைந்து வைத்திருக்கிறாள்.

கரும்பலகையில் ஒட்டினாற்போல் இரண்டு வட்டம் போட்டேன். கலத்தை நரம்பாக மாறத் தூண்டும் நியூரோஜெனின் என்ற புரதம் கூடிய கலம், டெல்டா புரதத்தால் அயல் கலத்தின் நொட்ச் என்ற வாங்கியை (சமிக்ஞையைப் பெறும் புரதத்தை) தூண்டும். அங்கே ஹெஸ் பரம்பரையலகு வேலை தொடங்கி நியூரோஜெனினை அடக்கிவிடும். ஒன்று நரம்பாகும், மற்றது இப்போதைக்கு, இன்னும் நரம்பாக மாறாத முன்னோடிக் கலமாகவே நிற்கும். பிள்ளைகளுக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் பாக்ஸ்6 என்ற பரம்பரையலகு கண்ணுக்கும் மூளைக்கும் சேர்த்து வேலை செய்வதைக் காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை.

தமிழில் பெயர் குறித்த படங்கள் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். இங்கே சிக்னல் குறைவு, காணொளி ஓடாது. அடுத்த திங்கள் இதே பாடம்தான்.