ஐந்தாம் சில்லின் உயரம் கேட்கிறார்கள், எதை அளப்பது?

பரந்தன்_பாரம்: அவசரம். கொழும்பில் ட்ரெய்லர் வாடகைக்கு எடுக்கிறோம். ஃபிஃப்த் வீல் உயரம் எவ்வளவு, வண்டி 6×4-ஆ என்று கேட்கிறார்கள். எங்கள் வண்டிக்குப் பத்துச் சில்லு. அதில் எது ஐந்தாவது? பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

மாங்குளத்தான்: என்ன வண்டி தம்பி? பெட்டியோடு சேர்ந்த லொறியா, ட்ரெய்லரை இழுக்கும் தலை மட்டுமான பிரைம் மூவரா? படம் போடுங்கோ.

வயல்காரன்: நாலு சில்லு போக மிஞ்சுவது ஸ்பெயார் சில்லு. அதைத்தான் கேட்கிறார்கள். காற்றடித்துவிட்டு அளந்து அனுப்புங்கோ.

விசுவமடு: என்ன ஏற்றப் போகிறீர்கள்? ட்ரெய்லர் 20 அடியா, 40 அடியா?

பரந்தன்_பாரம்: பிரைம் மூவர்தான். நெல்லு. 40 அடி.

ஏ9_பழசு: பிரைம் மூவர் வைத்திருப்பவர் கேட்கிற கேள்வியா இது? இங்கே எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், தேடிப் படிக்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. சரி, கேளுங்கள். அது உருளும் சில்லே அல்ல. கெபினுக்குப் பின்னால், சேசிஸ் மேல், கிரீஸ் அப்பிக் கிடக்கும் லாட வடிவத் தட்டு. ட்ரெய்லரின் முன்பக்க அடியில் நீட்டி நிற்கும் இரும்பு முளை, அதாவது கிங்பின், அதன் வாய்க்குள் போய்ப் பூட்டும். வண்டியைச் சமதரையில் விட்டு, தட்டைச் சாயாமல் வைத்து, நிலத்திலிருந்து அதன் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும்.

மாங்குளத்தான்: கிங்பின் 2 அங்குலமா, 3.5 அங்குலமா என்றும் கேளுங்கள். உயரம் சரிவந்தாலும் கிங்பின் அளவு மாறினால் பூட்டாது.

வயல்காரன்: தட்டை ஏன் சில்லு என்கிறார்கள்?

விசுவமடு: குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்குக் கிடையாக ஒரு வளையம் இருந்தது. அதன் பெயர்தான் இதற்கும் வந்தது. தம்பி, 6×4-க்கு இரட்டைச் சில்லை ஒன்றாக எண்ண வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் நாலு, மொத்தம் 6. அதில் எஞ்சின் சுழற்றுவது எத்தனை என்பதுதான் அடுத்த எண். கீழே குனிந்து பாருங்கள். பின் அச்சு இரண்டிலும், எஞ்சின் விசையைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்தால் 6×4. ஒன்றில் மட்டும் என்றால் 6×2.

ஏ9_பழசு: பிரைம் மூவரை அமெரிக்காவில் ட்ரக்டர் என்பார்கள். அவர்களின் 18 சில்லு என்பது அதற்கு 10, ட்ரெய்லருக்கு 8.

வயல்காரன்: ட்ரக்டர் என்றால் உழுகிற மெஷின். வன்னியில் வந்து இதை ட்ரக்டர் என்றால் கலப்பை எங்கே என்று கேட்பார்கள்.

ஏ9_பழசு: வயலுக்கு மட்டும் எழுதி வைத்த பெயரா அது? இழுப்பதெல்லாம் ட்ரக்டர்தான்.

வயல்காரன்: அப்படியென்றால் என் எருதும் ட்ரக்டர்தான்.

மாங்குளத்தான்: பெயருக்கு அடிபடுவதை விடுங்கள். தம்பி, சாரதிக்கு ட்ரெய்லர் பூட்டிய கனரக வண்டிக்கான சி.ஈ லைசன்ஸ் இருக்கிறதா? வெறும் சி வைத்துக்கொண்டு இதை இழுக்க முடியாது.

பரந்தன்_பாரம்: இரண்டு அச்சிலும் உருண்டை இருக்கிறது. தட்டையும் அளந்து அனுப்பிவிட்டோம், கிங்பின் 2 அங்குலமாம். நன்றி அண்ணைமார்.

மாங்குளத்தான்: லைசன்ஸ் கேட்டேனே?