வழங்கியைத் தடுப்பதா, மறைப்பதா, ஒருவுவதா? (வெள்ளிக்குள் சொல் வேண்டும்)

செ., திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரிக் கட்டற்ற மென்பொருள் மன்றத்துக்காக லெம்மி பற்றி (ரெடிட் மாதிரி விவாதத் தளம், ஆனால் பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுவது) ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2023 டிசம்பரில் வந்த 0.19 பதிப்பில், ஒரு இன்ஸ்டன்ஸையே, அதாவது அப்படிப்பட்ட ஒரு சர்வரையே, பயனர் பிளாக் செய்துகொள்ளும் வசதி வந்தது. வரைவில் ‘நிகழ்வைத் தடு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த முதலாமாண்டு மாணவி, “எந்த நிகழ்வு சார், கல்ச்சுரல்ஸா?” என்றாள். அதோடு ‘நிகழ்வு’ போயிற்று. ‘வழங்கி’ என்று மாற்றிவிட்டேன்.

இப்போது சிக்கல் ‘தடு’வில். அந்த வசதிக்காக எத்தனையோ பேர் காத்திருந்தார்கள், வந்ததும் திட்டினார்கள். காரணம், வழங்கி ஒன்றை பிளாக் செய்தால் அங்கே இருக்கும் குழுக்களின் பதிவுகள்தான் மறையும். அந்த வழங்கியைச் சேர்ந்த ஆட்கள் வேறு வழங்கியின் குழுவுக்கு வந்து எழுதினால் அப்படியே தெரியும். வெளியீட்டுக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். அதை யார் படிக்கிறார்கள்? ‘பிளாக்’ என்று பொத்தானில் போட்டிருந்ததால் ஆளே ஒழிந்தான் என்று நினைத்தார்கள். ஆங்கிலத்தில் நடந்த அந்தக் குழப்பத்தை நாமும் மொழிபெயர்க்க வேண்டுமா?

நிர்வாகி ஒரு வழங்கியோடு ஒட்டுமொத்தமாக உறவை அறுத்துக்கொள்வது (ஆங்கிலத்தில் ‘டிஃபெடரேட்’) வேறு. அதற்கும் ஒரு சொல் வேண்டும். ஆக இரண்டு.

மு., தஞ்சாவூர்:

தம்பி செ., சொல் கைவசம் இருக்கிறது. குறள் 800: ‘மருவுக மாசற்றார் கேண்மை ஒன்றீத்தும் ஒருவுக ஒப்பிலார் நட்பு’. ஒருவுதல் என்றால் விட்டு நீங்குதல். மருவுதலுக்கு நேர் எதிர். சேர்வதற்கும் பிரிவதற்கும் ஒரே குறளில் ஒரு சோடிச் சொல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

குறள் 116-இல் ‘நடுவொரீஇ’, 422-இல் ‘தீதொரீஇ’. இரண்டும் இந்த வேர்தான். யாப்பிலும் வரும். முதற்சீரும் நான்காம் சீரும் ஒன்றி, இடையில் இரண்டை விட்டுவிட்டால் அது ஒரூஉத் தொடை. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’: அகரத்தில் தொடங்கி இரண்டு சீரைத் தாண்டி ஆதியில் போய் மோனை ஒலிக்கிறது. நீங்கள் சொல்லும் வசதியும் அதுதானே? குழுவை விட்டாயிற்று, ஆள் மட்டும் அப்பால் போய் ஒலிக்கிறான்! ஆகவே பயனர் செய்வது ஒரூஉ, நிர்வாகி செய்வது ஒருவல்.

தி., சென்னை:

ஐயா, ரசித்தேன். ஆனால் கைப்பேசியில் ‘ஒருவு’ என்று தட்டினேன், அது தானாக ‘உருவு’ ஆகிவிட்டது. ‘இந்த வழங்கியை உருவு’ என்று பொத்தான் வைத்தால் மாணவர்கள் எதைப் பிடுங்குவார்களோ தெரியாது.

செ. கேட்டதற்கு ‘மறை’ போதும். என்ன நடக்கிறதோ அதையே சொல்கிறது.

மு.:

மறை என்றால் வேதம்.

தி.:

பொத்தானில் வேதம் இருக்காது ஐயா.

யா., யாழ்ப்பாணம்:

இரண்டாவது சொல்லுக்கு வருவம். நிர்வாகி செய்வதைக் ‘கூட்டமைப்பிலிருந்து விலக்கல்’ என்று யாரும் எழுதிவிடாதேங்கோ. இங்கே அது அரசியல் செய்தியாகத்தான் வாசிக்கப்படும். எங்கட பக்கம் ஃபெடரலுக்குச் ‘சமஷ்டி’ என்கிறதுதான் வழக்கம். 1949-இல் தொடங்கின கட்சிக்கோ ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி, தமிழில் தமிழரசுக் கட்சி. அந்தக் காலத்திலேயே இந்தச் சொல்லை நேராகப் பெயர்க்காமல் தாண்டித்தான் போயிருக்கினம்.

தி.:

இங்கே ‘கூட்டணி முறிவு’ என்று போட்டாலும் தேர்தல் வந்துவிட்டது என்பார்கள். ‘ஊர்விலக்கு’ எப்படி? வழங்கியை ஊராக நினைத்தால் சரியாக உட்காருகிறது.

ந., மதுரை:

ஊர்விலக்கு வேண்டாம். என் பாட்டி குடும்பத்தை ஒருமுறை ஊரே ஒதுக்கி வைத்தது. கடையில் உப்புகூடத் தரவில்லை. இருட்டிய பிறகு அடுத்த ஊருக்கு நடந்துபோய் வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை ஒரு மென்பொருள் பட்டியலில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பொருளும் பொருந்தாது. 2023 ஜூனில் ரெடிட்டை விட்டுக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தபோது, பீஹா என்ற வழங்கி, லெம்மி.வேர்ல்ட் என்ற இன்னொரு வழங்கியை வெட்டிவிட்டது. தண்டனையாக இல்லை. அங்கே யாரும் சட்டென்று கணக்குத் தொடங்கலாம், வருகிறவர்களை மேய்க்கப் போதிய கருவிகள் எங்களிடம் இல்லை என்றார்கள். கம்பியைப் பிடுங்கி வைத்தது மாதிரி. அதற்குத் ‘துண்டிப்பு’ போதும். மின்வாரியத்தில் கேட்டுப் பழகிய சொல்தான்.

தி.:

சரி, ஊர்விலக்கைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிக்கவும்.

துண்டிப்புக்கு என் வாக்கு. கூடவே ‘தேக்கம்’ என்று ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் செ. 0.19 போட்டதும் சில வழங்கிகளிலிருந்து பதிவுகள் வெளியே போகாமல் வரிசையில் நின்றுவிட்டன. எழுதியவருக்குத் தன் பதிவு தெரியும், மற்ற வழங்கியில் யாருக்கும் தெரியாது. இப்படி ஆனால் நம்மை வெட்டிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்? பின்னால் வந்த திருத்தப் பதிப்புகளில் சரியாயிற்று. தேக்கம் வேறு, துண்டிப்பு வேறு என்று கையேட்டில் ஒரு வரி போட்டால் பிழைப்பார்கள்.

செ.:

நன்றி. நேரம் இல்லை, இப்படிப் போடுகிறேன்: பயனருக்கு ‘இந்த வழங்கியின் குழுக்களை மறை’, நிர்வாகிக்கு ‘வழங்கித் துண்டிப்பு’. தேக்கத்துக்குத் தனிப் பத்தி.

மு.:

முதலாவது சொல் அல்ல, வாக்கியம். நாலு சொல்லில் கலைச்சொல் ஆக்குவதென்றால் நன்னூல் எதற்கு? ஒருவலை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். இரண்டாவதில் த் எங்கிருந்து வந்தது? வழங்கியைத் துண்டித்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை. வலி மிகாது.

யா.:

வழங்கியையா துண்டிக்கிறம் ஐயா? வழங்கியோடு உள்ள தொடர்பைத்தானே. உருபும் பயனும் உடன்தொக்கது, மிகும்.

செ.:

அச்சகத்தில் நிற்கிறேன். த் போட்டாயிற்று.

மு.:

எடுக்கச் சொல்லுங்கள்.