போர் நடக்கும் நாட்டுக்கு அரசு அனுப்பும் மருந்து மக்கள் கைக்கு எப்படிச் சேருகிறது?

கோபிசெட்டிபாளையத்தார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காசாவில் காயம்பட்ட குழந்தைகளுக்காக வீடுவீடாக மருந்து மாத்திரை சேகரித்து அரசு வழியாக அனுப்பலாம் என்று எங்கள் ஊர் வணிகர்கள் சிலர் பேசி வருகிறோம். 2023 அக்டோபர் 22 அன்று இந்திய விமானப்படை விமானம் 6.5 டன் மருத்துவப் பொருள்களையும் 32 டன் நிவாரணப் பொருள்களையும் எகிப்தின் எல் அரிஷ் விமான நிலையத்துக்குக் கொண்டு சென்றது என்று படித்தோம். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது? போரிடும் தரப்பு வழிமறித்தால் கேட்பார் உண்டா? நாங்கள் சேர்ப்பதையும் அவ்வழியே அனுப்ப இயலுமா?

ஈரோடு, ஓய்வு பெற்ற மருந்தாளுநர்:

உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும், வீடுகளில் மிஞ்சிய மருந்தைத் தயவுசெய்து சேகரிக்க வேண்டாம். மாத்திரை அட்டையைப் பாதியில் வெட்டும்போது தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனை பெரும்பாலும் போய்விடும். எஞ்சிய நான்கு மாத்திரைகளை எந்த மருத்துவரும் நம்பிக் கொடுக்க முடியாது. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்கு நன்கொடையாகக் குவிந்த மருந்துகளில் ஏறத்தாழ 17,000 டன் பயன்படாதவை என்று பின்னர் கணக்கிட்டார்கள். காயம்பட்டவர்களைக் கவனிக்க வேண்டியவர்கள், அந்தக் குவியலைத் தரம் பிரிக்கவும் அழிக்கவும் பாடுபட நேர்ந்தது. அதனால்தான், பெறும் நாடு கேட்ட மருந்தையே அனுப்ப வேண்டும், சென்று சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பித் தந்ததை அனுப்பவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுத்தது.

எல் அரிஷில் இறங்கியவை எகிப்தியச் செம்பிறைச் சங்கத்திடம் (செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அந்நாட்டு அமைப்பு) ஒப்படைக்கப்பட்டன; காசாவுக்குள் அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. விமானம் தரையிறங்கியதையே உதவி சேர்ந்ததாகக் கொள்ளும் வழக்கம் நம் செய்தித்தாள்களில் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. என் மதிப்பில், மருந்தோடு அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் செல்வதே முழுமையான உதவி. 2024 ஆகஸ்ட் 23 அன்று உக்ரைனுக்கு இந்தியா வழங்கிய நான்கு ‘பீஷ்ம்’ மருத்துவத் தொகுப்புகளுடன் பயிற்சி அளிக்கும் குழுவும் சென்றது. ஒரு தொகுப்பைக் கொண்டு ஏறத்தாழ 200 பேருக்கு அவசர சிகிச்சை தரலாம். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து எளிய அறுவை சிகிச்சைகளும் செய்யலாம்.

கோவை வழக்கறிஞர்:

வழிமறிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 23ஆம் பிரிவில், எதிர்த்தரப்புக் குடிமக்களுக்கான மருந்தும் மருத்துவமனைப் பொருள்களும் தடையின்றிச் செல்ல இடம்தர வேண்டும் என்கிறது. ஆனால் பொருள்கள் சேர வேண்டியவரை விட்டு வேறு கைக்குத் திசைதிரும்பும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. வண்டிகள் எல்லையில் நாள்கணக்கில் நிற்பதற்கு இந்த விலக்குதான் பெரிதும் காரணம் காட்டப்படுகிறது. மீறியவரை உடனே தட்டிக் கேட்கும் அதிகாரம் எவருக்கும் இல்லாததே இச்சட்டத்தின் பெருங்குறை.

பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவள்:

மருந்தாளுநர் ஐயா எழுதியது முற்றிலும் உண்மை. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், 2009 மார்ச்சில், இந்திய அரசு அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள புல்மோட்டையில் அவசர மருத்துவமனை ஒன்றை அமைத்து மருத்துவர்களையும் செவிலியர்களையும் அனுப்பியது. போர் நடந்த வன்னிப் பகுதியிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் ஏற்றி வந்த காயக்காரர்களில் என் சித்தியும் ஒருவர். முழங்காலுக்குக் கீழே அழுகத் தொடங்கியிருந்த காலை அங்கேதான் எடுத்தார்கள். எடுத்திராவிட்டால் உயிர் தங்கியிராது என்று சித்தி இன்றும் சொல்வார். அந்த மருத்துவமனை பிறகு செட்டிக்குளத்துக்கு மாறியது. மறு ஆண்டு மார்ச்சில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த மெனிக் பாமில், இந்திய உதவியுடன் ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் கால் பொருத்தும் முகாம் நடந்தது. எஞ்சிய காலின் சுற்றளவை அளந்து, அச்செடுத்து, அங்கேயே கால் செய்து மாட்டி, நடக்கவைத்துப் பார்த்து, உரசிய இடத்தைச் செதுக்கித் திருத்தினார்கள். பெட்டியில் அடைத்து அனுப்பி முடிகிற வேலையா அது?

அந்த முகாமுக்குப் பின் எங்களுக்கு அந்தக் கவனிப்பு தொடரவில்லை என்பதே எங்கள் ஆற்றாமை. செயற்கைக் கால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்; சித்தி இரண்டாவது காலைக் கடன் வாங்கித்தான் மாட்டினார்.

கோபிசெட்டிபாளையத்தார்:

மூவருக்கும் நன்றி. மாத்திரை சேகரிப்பை நிறுத்திவிட்டோம். பணமாகத் திரட்டினால் எந்த வழியில் அனுப்பலாம் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் எழுத்து மூலமாகக் கேட்கவிருக்கிறோம். அம்மா, உங்கள் சித்தியைப் போல் செயற்கைக் கால் மாற்ற வேண்டியவர்கள் பவானிசாகர் முகாமில் இருந்தால் தெரிவியுங்கள்; அதை எங்கள் சங்கமே நேரடியாகச் செய்ய முடியும்.