ஈர மணலில் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது: கடலுக்கும் தரைக்கும் ஒரே மெஷினாக எதை வாங்கலாம்?

பாயிண்ட்குக் அப்பா:

வணக்கம். மெல்பர்னில் பாயிண்ட் குக் பக்கம் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆல்டோனா கடற்கரையில் மகளோடு குளித்துக்கொண்டிருந்தபோது என் விரலில் இருந்த நெளி மோதிரம் நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. இடுப்பளவு ஆழம். அரைச் சவரன்தான். ஆனால் அது அப்பாவின் விரலில் முப்பது வருஷம் கிடந்த மோதிரம். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா எடுத்து என் விரலில் போட்டுவிட்டார். தொலைந்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தேடுவதற்காகப் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தது. உலர்ந்த மணலில் நன்றாக வேலை செய்கிறது. முதல் நாளே பாட்டில் மூடிகளும் ஒரு 2 டாலர் காசும் கிடைத்தன. அலை தொடும் ஈர மணலுக்கு வந்தால் போதும், ஓயாமல் கத்துகிறது. முழங்கால் தண்ணீரில் எது உலோகம், எது வெறும் சத்தம் என்று பிரிக்கவே முடியவில்லை. சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அடங்குகிறது. ஆனால் மனைவியின் மோதிரத்தை அரைச் சாண் ஆழத்தில் புதைத்துப் பார்த்தேன், அதையும் சொல்லவில்லை.

மெஷின் பழுதா, எனக்குத்தான் பழக்கம் போதாதா? புதிதாக வாங்க வேண்டுமென்றால் 1,200 டாலர் வரை போகலாம். நண்பர்கள் சிலர் மேரிபரோ பக்கம் தங்கம் தேடப் போகிறார்கள், அவர்களோடும் போக ஆசை. கடல், தரை இரண்டுக்கும் உதவுகிற மாதிரி சொல்லுங்கள்.

வண்டல்:

மோதிரம் தொலைந்த கதையைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. முதலில் ஒரு ஆறுதல்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மெஷினில் பழுது இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை.

உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். தண்டின் நுனியில் இருக்கும் வட்டமான காயில் அனுப்பும் காந்தப்புலம் அந்த உப்பு ஈரத்திலேயே மின்னோட்டத்தை உண்டாக்கிவிடும். மெஷினுக்கு அது காலடி முழுக்க விரித்துப் போட்ட மெல்லிய உலோகத் தகடு மாதிரி தெரியும், அதனால்தான் கத்துகிறது. ஈல்டன் ஏரி மாதிரி நன்னீரில் இதே மெஷின் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

ஆல்டோனா, வில்லியம்ஸ்டவுன் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே கிடப்பது எரிமலைக் கருங்கல், அதில் இரும்புச் சத்து இருக்கிறது. உப்பும் இரும்பும் டிடெக்டருக்கு வேறு வேறு விதமாகத் தெரியும். ஒரே ஃப்ரீக்வென்சியில் ஓடும் மெஷினை கிரவுண்ட் பேலன்ஸ் செய்தால், அதாவது காலடி மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடும்படி சரிசெய்தால், இரும்பை அடக்கலாம், அல்லது உப்பை அடக்கலாம். இரண்டையும் ஒன்றாக அடக்க அதனால் முடியாது. ஒரே நேரத்தில் பல ஃப்ரீக்வென்சிகளை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் மல்டி ஃப்ரீக்வென்சி மெஷினால் முடியும்.

உங்களுடையது எந்த வகை? கையேட்டில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்பதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

பாயிண்ட்குக் அப்பா:

பார்த்துவிட்டேன் அண்ணா. ஒரே ஃப்ரீக்வென்சிதான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘காயில் மட்டும் நீரில் முங்கலாம், கன்ட்ரோல் பாக்ஸில் தண்ணீர் படக் கூடாது’ என்று இருக்கிறது. நான் அதை வைத்துக்கொண்டு தொடையளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன். நல்லவேளை அலை இல்லை.

டாண்டினோங் அக்கா:

தம்பி, பெட்டி நனையாமல் தப்பினதே பெரிய காரியம். நான் கடலில் தேடத் தொடங்கி ஏழு வருஷம். முழுக்க வாட்டர்ப்ரூஃப் என்று வாங்கின மெஷினையே ஒருக்கால் தண்ணீருக்குப் பலி கொடுத்தனான். என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீங்கள் அந்தப் பிழையை விடாதேங்கோ.

நல்ல வெயில் நாள். மெஷினைக் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து தொட்டால் பெட்டி சுடுகிறது. அப்படியே கொண்டுபோய்த் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். உள்ளே இருந்த சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கினால் வெளியே இருக்கிற தண்ணீரை உறிஞ்சும். ரப்பர் வளையம் சரியாக இருந்தால் தாங்கியிருக்கும். பிறகு கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஹெட்போன் செருகும் துளையின் மூடிக்குள் வளையத்தின் மேல் ஒரு தலைமுடியும் இரண்டு மணலும் ஒட்டிக் கிடந்தன. அந்த முடியின் பருமன் இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் போயிருக்கிறது. திரையின் உள்பக்கம் முதலில் பனிப்புகார் மாதிரி படிந்தது, ஒரு மணித்தியாலத்தில் மெஷின் செத்துவிட்டது.

இப்போது நிழலில் துவாய் சுற்றி வைப்பேன். இறங்கும் முன் காயிலை மட்டும் தண்ணீரில் விட்டுப் பெட்டியில் கையால் தண்ணீர் அள்ளி ஊற்றி ஆறவிட்டுத்தான் அமிழ்த்துவது. மூடிகளை வீட்டிலேயே துடைத்துப் பூட்டிவிடுவேன், கடற்கரையில் திறப்பதே இல்லை. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தண்டைக் கழற்றிப் பூட்டுகளுக்குள் இருக்கிற மணலையும் கழுவுங்கோ.

வண்டல்:

அக்கா சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மெஷின் வாங்கும் பேச்சுக்கு வருகிறேன்.

கடைக்காரர் ‘பீச் மெஷின்’ என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். பெட்டி தண்ணீரில் முங்குமா? உப்பில் அமைதியாக ஓடுமா? இவை இரண்டும் வேறு வேறு. மைன்லேப் கம்பெனியின் மூன்று மாடல்களை வைத்தே இதைக் காட்டலாம். வான்குவிஷ் 540 மல்டி ஃப்ரீக்வென்சி, ஈர மணலில் நன்றாக ஓடும். ஆனால் காயில் மட்டும்தான் நனையலாம். எக்ஸ்-டெர்ரா ப்ரோ 5 மீட்டர் ஆழம் வரை முங்கும். ஆனால் 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸில் ஏதாவது ஒன்றில்தான் ஓடும். பார்க்க அதே மாதிரி இருக்கும் எக்ஸ்-டெர்ரா எலீட்டும் 5 மீட்டர்தான், அதில் மல்டி ஃப்ரீக்வென்சி இருக்கிறது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், கடலில் இறங்கினால் முற்றிலும் வேறு மெஷின்.

உங்கள் தேவைக்கு நான் பார்ப்பது எலீட், ஈக்வினாக்ஸ் 700, அப்புறம் நோக்டா லெஜண்ட். ஈக்வினாக்ஸ் 5 மீட்டர், லெஜண்ட் 3 மீட்டர். இடுப்பளவு நீருக்கு 3 மீட்டர் தாராளம். ஈக்வினாக்ஸ் 900-ல் தங்க நிலத்துக்கென்றே தனி மோடு உண்டு, 700-ல் கிடையாது. லெஜண்டில் உண்டு. மேரிபரோ ஆசையையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு லெஜண்டுக்கு. எக்ஸ்பி டியூஸ் 2 மெஷின் 20 மீட்டர் வரை போகும், எடை குறைவு, அருமையானது. விலை உங்கள் கணக்கைத் தாண்டிவிடும்.

ஹெட்போன் விஷயம் பலர் கவனிப்பதில்லை. பெட்டியோடு வரும் வயர்லெஸ் ஹெட்போன் வாட்டர்ப்ரூஃப் இல்லை. ரேடியோ அலையும் தண்ணீருக்குள் போகாது. தலை முங்கித் தேடப்போவதில்லை என்றால் ஸ்பீக்கரே போதும். முங்குவதென்றால் கம்பி வைத்த நீர்புகா ஹெட்போன் தனியாக வாங்க வேண்டும்.

குவார்ட்ஸ்:

நான் மேரிபரோ, டனோலி பக்கம் பல வருஷமாகப் போகிறேன். வண்டலோடு இதில் எனக்குக் கருத்து வேறுபாடு. தங்க மோடு இருக்கிறது என்பதற்காக ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே மண் செக்கச்செவேல் என்று இருக்கும், முழுக்க இரும்புக் கல். கடலில் உப்பு கத்த வைத்த மாதிரி இங்கே கல்லே கத்த வைக்கும். அந்த மண்ணில் ஆழமாகப் போவது விட்டு விட்டு மின் துடிப்பு அனுப்பும் பல்ஸ் இண்டக்ஷன் வகை மெஷின்கள். அவற்றின் விலையில் பழைய கார் வாங்கலாம். கடலுக்கு வாங்கும் மல்டி மெஷினை வைத்து மேலாக இருக்கும் சிறு துணுக்குகள் எடுக்கலாம், பாறை தெரிகிற இடங்களில், ஓடையின் ஓரங்களில். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மனிதர்கள் டிடெக்டரோடு போய் அள்ளிய இடம்தான். 1980-ல் கிங்கோவரில் 27 கிலோ தங்கக் கட்டி டிடெக்டரால்தான் கிடைத்தது. அதைக் கேட்டுத்தான் நானும் கிளம்பினேன். எனக்குக் கிடைத்தது எல்லாம் சேர்ந்து ஒரு தீப்பெட்டியின் மூலைக்குக் காணாது, ஆனால் ஒவ்வொரு துணுக்கும் எந்த மரத்தடியில் எடுத்தேன் என்று சொல்வேன்.

போகும் முன் மைனர்ஸ் ரைட் என்ற தங்கம் தேடும் உரிமத்தை வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் கிடைக்கும், 10 வருஷம் செல்லும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி இல்லை, தனியார் நிலமென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள்.

வண்டல்:

குவார்ட்ஸ் சொல்வது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். கடலுக்கென்று வாங்குங்கள், மேரிபரோவில் கிடைப்பது கிடைக்கட்டும். லெஜண்டோ எலீட்டோ, எது கையில் பிடிக்க வசதியாக இருக்கிறதோ அது.

பாயிண்ட்குக் அப்பா:

லெஜண்ட் வாங்கிவிட்டேன். பட்ஜெட்டுக்குள் அடங்கியது, மீதிப் பணத்தில் மணலை அள்ளிச் சலிக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்கூப்பும் வாங்கினேன். நேற்று ஈர மணலில் ஒரு மணி நேரம். முதலில் இதுவும் கத்தியது, பயந்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், பீச் மோடில் உலர் மணலுக்கு ஒன்று, ஈர மணலுக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பு இருக்கிறது. நான் உலர்ந்ததில் வைத்திருக்கிறேன். மாற்றி, காயிலை மணலுக்கு மேல் ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் செய்ததும் அமைதி. மனைவியின் மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன், தெளிவாகச் சொன்னது. இனி தண்ணீரில் எப்படித் தேடுவது?

வண்டல்:

முதலில் ஒரு வார்த்தை: அந்த மோதிரத்தை இனி புதைக்கும்போது தூண்டில் நரம்பில் கட்டி, மறுமுனையில் கார்க் கட்டிவிடுங்கள். சோதனைக்குப் புதைத்ததையே தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

திரையில் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து எதையும் தோண்டாமல் விட்டுவிடாதீர்கள். டப்பா திறக்கும் அலுமினிய வளையம், தூண்டில் ஈயக்குண்டு, தங்க மோதிரம் மூன்றும் பக்கத்துப் பக்கத்து எண்ணில் வரும். மோதிரம் எவ்வளவு பருமன், எத்தனை கேரட் என்பதைப் பொறுத்தும் மாறும். இரும்பு என்று திட்டமாகத் தெரிவதைத் தவிர எல்லாவற்றையும் தோண்டுங்கள். நூறு வளையம் எடுத்தால்தான் ஒரு மோதிரம். உங்களுடையது முழு வளையமாக இருப்பது நல்லது, மெல்லிய சங்கிலியாக இருந்தால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு உலோகமாகத் தெரிந்து கேட்பதே கஷ்டம்.

போர்ட் பிலிப் விரிகுடாவில் ஓதம் ஒரு மீட்டர் கூட ஏறி இறங்காது. தண்ணீர் வற்றும் என்று காத்திருந்து பயனில்லை, இறங்கித்தான் ஆக வேண்டும். அன்று எடுத்த போட்டோக்களில் பின்னால் படகுத்துறைப் பாலமோ விளக்குக் கம்பமோ தெரிகிறதா பாருங்கள். நேரத்தையும் இடத்தையும் அதிலிருந்து கணிக்கலாம்.

பாயிண்ட்குக் அப்பா:

போட்டோ இருக்கிறது அண்ணா. மகள் தண்ணீர் தெளிக்கும் படம். பின்னால் ஆல்டோனா பாலத்தின் நுனி தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், என் கையில் மோதிரம் இருக்கிறது. அடுத்த படத்தில், நான்கு நிமிடம் கழித்து, இல்லை.

டாண்டினோங் அக்கா:

அப்ப இடம் பிடிபட்டுவிட்டது தம்பி. நான்கு நிமிடத்தில் குழந்தையோடு எவ்வளவு தூரம் போயிருப்பீர்கள், பத்து மீட்டர் இருக்குமோ?

ஞாயிறு காலை 6 மணிக்கு நான் வருகிறேன். காற்று அப்போது குறைவு, அடியும் தெரியும். நீளப் பிடி போட்ட ஸ்கூப்பும் இரண்டு இரும்புக் கம்பியும் முப்பது மீட்டர் நைலோன் கயிறும் கொண்டு வருகிறேன். கம்பிகளை ஊன்றிக் கயிறு கட்டி, அதையொட்டி ஒரு நேர் கோடாக நடப்போம். ஒரு கோடு முடிந்ததும் கயிற்றைக் காயிலின் அகலத்தில் பாதி நகர்த்துவோம். காலில் கட்டாயம் டைவிங்குக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் போடுங்கோ, பாதத்தை இழுத்து இழுத்து நடவுங்கோ, திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். ஸ்கூப்பில் வரும் சங்கு, டப்பாவுக்குள் விரலை விடாதேங்கோ. இந்த விரிகுடாவில் நீல வளைய ஒக்டோபஸ் இருக்கிறது, உள்ளங்கை அளவுதான், அதன் நஞ்சு ஆளைக் கொல்லும்.

முதல் நாளே கிடைக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் வருவேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் என் பொறுப்பு. மகளுக்கு ஒரு சின்ன வாளி கொண்டு வாங்கோ, கரையில் நின்று நாங்கள் எடுக்கிற குப்பையை எண்ணட்டும்.